இண்டைக்கு மத்தியானம் ஆக்கள் வருவினம்

மத்தியானம் வருவம் எண்டு சொன்னவை. வடக்கு நோர்வேயின்ர இந்த மீன் ஊரில மார்கழி மாசத்து மத்தியானம் எண்டால் என்ன, விடியல் எண்டால் என்ன, சூரியன் கார்த்திகையில போனால் தை மாசக் கடைசியிலதான் எட்டிப் பாக்கும், அதுவரைக்கும் ஒரு நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் வந்து ஸ்னோவுக்கு மேல படுத்திட்டுப் போகும், அவ்வளவுதான். அந்த வெளிச்சம் இப்ப வந்திட்டுது. அப்ப அவையும் வரப்போகினம். பிள்ளையள் வீட்டில நல்லா இருக்கினமோ எண்டு பாக்கிற அரசாங்க ஆக்கள், ரெண்டு பேர், பொம்பிளையள். நான் குசினி யன்னலடியில கை துடைச்ச துணியோட நிக்கிறன், துடைச்சு முடிச்சுக் கனநேரம், துணியை ஏன் வைச்சிருக்கிறன் எண்டு தெரியேல்ல. கீழ சரிவில இவர், என்ர மனிசன் நேசன், சிவப்புப் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டில பிள்ளையை இருத்திக் கயித்தால இழுத்துக்கொண்டு மேல ஏறுறார். மிதுரன் வண்டில்காரன் மாதிரி ‘ஹோய், ஹோய்’ எண்டு தகப்பனை விரட்டுறான், யன்னல் பூட்டியிருந்தும் கேக்குது, நாலு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு சத்தம் எங்க இருந்துதான் வருதோ. மேல வந்ததும் தள்ளி விடுறார், சறுக்கிக்கொண்டு போய் அடியில கவிண்டு, எழும்பி நிண்டு, வாய்க்குள்ள போன ஸ்னோவைத் துப்பாமல் முழுங்கிப்போட்டுச் சிரிக்கிறான். பாக்க வடிவா இருக்கு. எனக்கு வடிவா இருந்தால் காணாது, வாற ஆக்களுக்கும் வடிவாத் தெரியவேணும், அதுக்குத்தான் நானே ரெண்டு பேரையும் வெளிய அனுப்பினனான். அவை வரேக்க தகப்பனும் பிள்ளையும் ஸ்னோவில விளையாடிக்கொண்டு நிக்கட்டும் தங்கச்சி, இஞ்சத்தைய சனத்துக்கு அது நல்லாப் பிடிக்கும் எண்டு கௌசி அக்கா ரெலிபோனில சொன்னவ. கௌசி அக்கா என்னோட மீன் பக்டரியில வேலை செய்யிறவ, இந்த ஊரில இருக்கிற மற்றத் தமிழ்க் குடும்பம் அவையள்தான். அவ சொன்னது சரி. ஆனா வெக்கமாக் கிடக்கு, பிள்ளையின்ர சந்தோசத்தை எடுத்துக் கடைக் கண்ணாடிக்குள்ள சீலை தொங்கவிடுற மாதிரித் தொங்கவிட்டிருக்கிறன். அவன் சிரிக்கிறது பொய்யில்லை. இவர் சிரிக்கிறதுதான் எனக்கு விளங்கேல்ல, ராத்திரி முழுக்க முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்த மனிசன்.

எல்லாம் ஒரு கறுப்புக் கயித்தால வந்தது. போன வருசம் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு வலிப்பு வரும், ரெண்டு தரம் வந்தது, கண் மேல சொருகி, கை கால் இழுத்து, உதடு நீலமாகி. இந்த நீலம். வெளிய நிக்கிற இதே நீலம்தான், அதைப் பாக்கக் கூடாது எண்டு ஒவ்வொரு மத்தியானமும் நினைக்கிறன், ஒவ்வொரு மத்தியானமும் பாக்கிறன். வளர வளர நிண்டிடும், பயப்பிடாதேங்கோ எண்டார் டொக்டர். பயப்பிடாதேங்கோ எண்டு சொல்ல ஆராலையும் ஏலும். கோடை லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில பிள்ளையார் கோயில் ஐயர் ஒரு சின்னச் செப்பு அச்சரக்கூடு, உள்ளுக்கு மந்திரத் தகடு வைச்சு அடைச்சது, அதைக் கறுப்புக் கயித்தில கோத்து அரைநாண் மாதிரி இடுப்பில கட்டிவிட்டார். பேந்து வலிப்பு வரேல்ல. டொக்டர் சொன்னபடி நிண்டுதோ பிள்ளையார் நிப்பாட்டினாரோ, எனக்கு என்ன, வரேல்ல. பேந்து குளிர் வந்தது. கம்பளி உள்ளுடுப்பு, அதுக்கு மேல காச்சட்டை, அதுக்கு மேல ஸ்னோ உடுப்பு, பிள்ளையும் புட்டும் வாழைப்பழமும் திண்டு உருண்டு வந்திட்டான், கயிறு இறுகினதை நான் காணேல்ல. கண்டனான். இல்லை, சிவந்ததைக் கண்டனான், இறுகினது எண்டு யோசிக்கேல்ல, கம்பளி கடிச்சிருக்கு எண்டு நினைச்சு மஞ்சளைத் தேங்காயெண்ணெயில குழைச்சுச் சுத்திவரப் பூசிவிட்டன். எங்கட ஆக்களில மஞ்சள் பூசாத தாய் ஆர்? அடுத்த நாள் நேர்சரியில நனைஞ்ச உடுப்பு மாத்தேக்க ஹில்ட டீச்சர் பாத்திருக்கிறா. இடுப்பைச் சுத்திச் சிவத்தக் கோடு, கூடு அழுத்தின இடம் கன்னிப்போய், சுத்திவர மஞ்சள். வெள்ளைப் பிள்ளையளுக்கு அடிகாயம் பழசாகேக்க மஞ்சளா மாறுமாம், எங்கட தோலில அது அவ்வளவு தெரியாது, எனக்கு அவ சொல்லித்தான் தெரியும். அப்ப அவவின்ர கண்ணுக்கு என்ர பிள்ளையை ஆரோ கயித்தால கட்டி வைச்சிருக்கினம், அதுவும் கனநாளா. நானாயிருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன், நானாயிருந்தாலும் அரசாங்கத்துக்கு ரெலிபோன் எடுத்திருப்பன். அதுதான் விசர் வருது. அவவை ஏச ஒரு வழியும் இல்லை, நல்ல மனிசி, பிள்ளைக்குக் கையுறை பின்னிக் குடுத்தவ, ஏசியாவது தீர்த்திருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும்.

கயிறு எண்டு சொல்லுவன். மந்திரம் எண்டு சொல்லக் கூடாது, கௌசி அக்கா சொல்லிப்போட்டா, மந்திரம் எண்டால் இன்னும் பயந்திடுவினம். நகை எண்டு சொல்லு எண்டா. இடுப்பில போடுற நகை எண்டு சொல்ல எனக்கு இந்தப் பாசையில சொல் வேணுமே. எட்டு வருசமா இஞ்ச இருக்கிறன், எனக்குத் தெரிஞ்ச நோர்வே பாசை எல்லாம் பக்டரியில படிச்சது, கத்தி, வெட்டு, இரத்தம், பெட்டி, ஐஸ், கெதியா, தலையை எடு, குடலை எடு. இந்தச் சொல்லுகளை வைச்சுக்கொண்டு நான் என்ர பிள்ளையைப் பற்றிக் கதைக்கவேணும். இவருக்கும் அப்பிடித்தான், அவர் வள்ளத்தில இருந்து பெட்டி இறக்கிறவர், அவற்ற சொல்லுகள் எல்லாம் பாரமான சொல்லுகள். கயித்துக்கு எங்களுக்குத் தெரிஞ்ச சொல் வள்ளம் கட்டுற கயித்துக்குச் சொல்லுற சொல். ஹில்ட டீச்சர் பக்டரிக்கு ரெலிபோன் எடுத்து உங்கட மகன்ர இடுப்பில என்ன எண்டு கேக்க, நான் அந்தச் சொல்லைத்தான் சொன்னனான், சொல்லிப்போட்டுச் சிரிச்சும் விட்டன். பாசை வராட்டில் நாங்கள் எல்லாரும் சிரிக்கிறதுதானே. ஆர் கட்டினது எண்டு கேட்டா, நான்தான் எண்டன், ஐயர் கட்டின கயிறு இத்துப்போய் மாத்தேக்க நான்தானே கட்டினனான். சரி எண்டு சொல்லி வைச்சிட்டா. அந்தச் ‘சரி’ இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆளை ரெலிபோனில ஒழுங்குபண்ணலாம் எண்டு இந்த ஆக்கள் கேட்டவை, நான்தான் வேண்டாமெண்டனான். தமிழ் ஆள் எண்டால் விசயம் ஒஸ்லோ முழுக்கப் பரவி, அங்க இருந்து லண்டனுக்குப் போய், அங்க இருந்து ஊருக்குப் போய், தர்மினியின்ர பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டினமாம் எண்டு வந்து நிக்கும். மானம் பெரிசா பிள்ளை பெரிசா எண்டு இவர் கேட்டார். கேட்டவுடன எனக்கு மறுமொழி வரேல்ல, அதை நினைச்சால் இப்பவும் உடம்பு கூசுது. பிள்ளைதான். பிள்ளைதான் பெரிசு. ஆனா கேட்ட உடன வரேல்லத்தானே.

நேற்று முழுக்கக் கட்டில் பூட்டினது. பிள்ளை எங்க படுக்கிறவன் எண்டு கேப்பினமாம். எங்க படுப்பான், எங்களுக்கு நடுவிலதான், என்ர தலைமயிரை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு, காலைத் தூக்கித் தகப்பன்ர வயித்தில போட்டுக்கொண்டு. பாவிக்காமல் கிடந்த மற்ற அறையில அரிசி மூட்டையும் சூட்கேசும் இருந்தது, எல்லாத்தையும் இழுத்து வெளிய வைச்சு, வாங்கிக்கொண்டு வந்த சின்னக் கட்டிலை இவர் பூட்டினார், ஒரு பக்கம் தலைகீழாப் பூட்டிப்போட்டுத் திருப்பிக் கழட்டி, மிதுரன் ஆணியை எடுத்துக் குடுத்து உதவி செய்யிறன் எண்டு அதில ரெண்டைத் துலைச்சு, எல்லாரும் நிலத்தில குப்புறக் கிடந்து ஆணி தேடினம். அப்பவும் சிரிச்சனாங்கள். அதை நினைக்க இப்பவும் சிரிப்பு வருது. நட்சத்திரம் போட்ட விரிப்பு, ஒரு கரடிப் பொம்மை, சின்ன விளக்கு, எல்லாம் வைச்சு முடிய மிதுரன் வாசலில நிண்டு வடிவா இருக்கு எண்டான், இது ஆருக்கு எண்டு கேட்டான். உனக்குத்தான் ராசா எண்டன். கட்டிலைப் பாத்தான், என்னைப் பாத்தான், அப்ப நான் எங்க படுக்கிறது எண்டு கேட்டான். இவர் எழும்பிக் குசினிக்குப் போட்டார். நான் இருந்து பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுத்தன், ஆராவது கேட்டால் நான் இஞ்சதான் படுக்கிறனான் எண்டு சொல்லவேணும் குஞ்சு. சரி எண்டான். கொஞ்சத்தால வந்து, அப்பா அம்மாவோட படுக்கிறதைச் சொல்லக் கூடாதோ எண்டு கேட்டான். ஓம் எண்டன். ஏன், அது கூடாத வேலையோ எண்டு கேட்டான். இவர் குசினியில இருந்து, அவனை விடும் தர்மினி, ஒண்டும் சொல்லிக் குடுக்காதையும், அவனை அவன்ர பாட்டில விடும் எண்டார். நீங்கள் விட்டுப்போட்டு இருங்கோ, நான் தாய் எண்டன். அவர் தகப்பன் இல்லாத மாதிரி. ராத்திரி மூண்டு பேரும் பெரிய கட்டிலில கிடந்தம், அங்கால அறையில கரடி தனியப் படுத்திருந்தது.

யன்னலைத் திறந்து விடவேணும். விடியக் கருவாடு பொரிச்சனான், விசரி, பழக்கத்தில கை போட்டுது, இப்ப வீடு முழுக்க மணம், திரையில மணம், கதிரையில மணம். திறந்தால் வீடு குளிர்ந்திடும், பிள்ளை இருக்கிற வீடு ஏன் இவ்வளவு குளிர் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது, பூட்டினால் கருவாடு, திறந்தால் குளிர். கொஞ்சம் திறந்தன். அவன்ர சத்தம் இப்ப கிட்டக் கேக்குது. சறுக்கினது காணுமாம், இப்ப ரெண்டு பேரும் ஏதோ ஸ்னோவை உருட்டுகினம், இஞ்சத்தைய பிள்ளையள் ஸ்னோவில மனிசன் செய்யிறதைப் பாத்திருக்கிறான், இவனுக்கு மனிசன் வேண்டாமாம், பிள்ளையார் வேணுமாம். வயிறு நல்லா வந்திருக்கு, தும்பிக்கை நிக்குதில்லை, இவர் வைக்க வைக்க விழுது. ‘அப்பா, தும்பிக்கைக்கு வருத்தமோ?’ எண்டு கேக்கிறான். ‘இல்லையடா, அதுக்குக் குளிருது’ எண்டு இவர் சொல்லுறார், சொல்லிப்போட்டுத் தன்ர சால்வையைக் கழட்டி அந்த வயித்துக்குச் சுத்துறார். கழுத்து வெறுங்கழுத்தா நிக்கிறார், மடையன், தடிமன் பிடிக்கப்போகுது, அன்பாக் கிடக்கு அந்த மனிசனைப் பாக்க. பிள்ளையின்ர கன்னம் சிவந்திருக்கு. குளிருக்குச் சிவந்ததோ, காய்ச்சலோ. இந்தத் தூரத்தில எப்பிடித் தெரியும். விடிய நெத்தியைத் தொட்டுப் பாத்தனான், சூடில்லை, பேந்தும் தொட்டனான், மூண்டாந்தரம் தொடேக்க கையைத் தட்டிவிட்டான். விடியத்தான் இவர் கயித்தை வெட்டினவர். கறி வெட்டுற கத்தரிக்கோலால. நான் கூடாது எண்டன், வெட்டினால் மறைச்சது எண்டு நினைப்பினம், வெட்டாட்டில் இன்னும் கட்டி வைச்சிருக்கினம் எண்டு நினைப்பினம், ரெண்டு நாளா இதுதான் கதை, இவர் பிள்ளையின்ர சட்டையைத் தூக்கி ஒரு வெட்டு. மிதுரன் கூசுது கூசுது எண்டு சிரிச்சான். கயிறு கையோட வந்திட்டுது. எனக்கு அந்த நேரம் அரசாங்கமும் நினைவில்லை ஒருத்தரும் நினைவில்லை, இண்டைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால், கண் சொருகினால், அதை மட்டும்தான் நினைச்சன். ஐயர் கட்டின நேரத்தில இருந்து இண்டைக்குத்தான் பிள்ளை காவலில்லாமல் வெளிய நிக்கிறான். அதுவும் இண்டைக்கு.

கொண்டுபோனால் எங்க கொண்டுபோவினம்? தெற்குப் பக்கம் ஆரோ ஒரு குடும்பத்தின்ர பிள்ளையளை எங்கயோ பண்ணை வீட்டில விட்டவையாம், ஆரோ சொன்னது, ஆருக்கும் பேர் தெரியாது, ஊர் தெரியாது. கதைதான், ஆனா கதை எண்டு தெரிஞ்சும் நான் அந்தப் பண்ணை வீட்டைப் பாத்திட்டன், சிவத்தச் சுவர், வெள்ளை யன்னல், மேசையில பாணும் சீசும், என்ர பிள்ளை தனியக் கதிரையில இருந்து ஆரும் தீத்தி விடுவினம் எண்டு வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறான். நல்லவையாத்தான் இருப்பினம். அதுதான் பெரிய பயம், நல்லவையா இருப்பினம், அவனுக்குத் தனிக் கட்டில், ராத்திரிக் கதை, சறுக்குத் தட்டு, ரெண்டு மாசம் அழுவான், மூண்டாம் மாசம் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாப் போகும், சொதி எண்ட சொல் போகும், குஞ்சு எண்ட சொல் போகும், கிழமைக்கு ஒருக்காப் பாக்க விடுவினம், ஒரு அறையில, ஒரு ஆள் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்க, நான் அவனோட கத்தி, வெட்டு, பெட்டி எண்டு கதைப்பன். ச்சீ. என்ன நினைப்பு இது. கதைக்கத்தான் வருகினம், கதைச்சுப்போட்டுப் போவினம், அவை அனுப்பின கடிதத்திலயும் கதைக்க எண்டுதான் கிடக்கு. ஆனா இந்த நினைப்பு வந்தால் போகுதில்லை, நகத்தில கிழிஞ்ச தோல் மாதிரி, தொடக்கூடாது எண்டாலும் கை அங்கதான் போகுது. பக்டரியில ஆயிரம் மீனின்ர தலை வெட்டின கை, இப்ப இந்தத் துணியை நாலா மடிக்குது, விரிக்குது, திரும்பவும் மடிக்குது. நான் நல்ல தாய். இதை ஆரிட்டயாவது சொல்லவேணும் போல கிடக்கு. சொல்லுறவள் நல்ல தாயா இருக்கமாட்டாள் எண்டு உடன இன்னொரு நினைப்பு வருது. பிள்ளையார் நல்ல வடிவா வந்திருக்கிறார், ஒரு காது கொஞ்சம் சின்னன். என்ன இது எண்டு கேட்டால் யானை எண்டு சொல்லச் சொல்லவேணும் இவரிட்ட.

கார் வந்திட்டுது. சத்தமில்லாமல் வந்து கீழ றோட்டில நிக்குது. ரெண்டு பேர் இறங்குகினம், ஒராள் இளம் பெட்டை, மஞ்சள் தொப்பி, மற்றவ வயசான மனிசி, சாம்பல் கோட். இவர் எழும்பி நிக்கிறார், பள்ளிக்கூடத்தில வாத்தியார் வர எழும்புற மாதிரி, கையில இருந்த ஸ்னோவை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் வைச்சிருக்கிறார். சிரியுங்கோவன். ஒருக்காச் சிரியுங்கோவன். பெட்டை மிதுரனுக்கு முன்னால முழங்காலில இருந்து ஏதோ சொல்லுறாள், அவன் தும்பிக்கையைக் காட்டுறான், அவள் சிரிக்கிறாள், ஒரு கொத்து ஸ்னோ எடுத்து வைக்கிறாள், நிக்குது. அவளுக்கு நிக்குது. மிதுரன் துள்ளுறான், பிறகு அவளின்ர கையைப் பிடிச்சு இழுக்கிறான், சறுக்கிற இடத்தைக் காட்டப் போறான் போல, ரெண்டு பேரும் கை கோத்துக்கொண்டு கீழ இறங்கிப் போகினம். இவர் நடுவில நிக்கிறார், அவையோட போறதோ மேல வாறதோ எண்டு தெரியாமல். வயசான மனிசி மேல ஏறி வாறா. மணி அடிக்கிறதுக்கு முதல் நான் கதவைத் திறந்திட்டன். கை தந்தா, பேர் சொன்னா, பேர் காதில ஏறேல்ல. நல்ல முகம். கருவாட்டு மணத்துக்கு அவவின்ர முகம் மாறேல்ல, அதைத்தான் முதல் பாத்தன். படியில நிண்டபடி கீழ திரும்பிப் பாத்தா, உங்கட மகனுக்கு ஆக்களெண்டால் பயமில்லைப் போல எண்டா, மெதுவா, எனக்கு விளங்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லா. எனக்கு விளங்கிச்சுது. இத்தினை நாளில ஒரு ஆள் என்ர பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுறா எண்டு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஓம் எண்டன். எல்லாரோடையும் இப்பிடித்தான் போவானோ எண்டு கேட்டா. ஓம், ஆர் கூப்பிட்டாலும் போவான் எண்டன். எங்கட ஆக்களில தாயின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு சிணுங்கிற பிள்ளையைக் கண்டால் சனம் முகம் சுழிக்கும், ஆரிட்டயும் ஒட்டுற பிள்ளை எண்டு சொன்னால் தாய்க்குப் பெருமை, நான் பெருமையாத்தான் சொன்னன். தெரியாத ஆக்களோடையும்? எண்டா. தெரியாத ஆக்களோடையும் எண்டன், திரும்பிப் பாக்காமல் போவான் எண்டும் சொன்னன், அதுக்கு எனக்குச் சொல் எல்லாம் சரியா வந்தது, எட்டு வருசத்தில இவ்வளவு சரியா நான் அந்தப் பாசையைக் கதைச்சதில்லை. அவ தலையாட்டினா. சிரிப்பு அப்பிடியே இருந்தது, கண்ணில மட்டும் என்னவோ குறைஞ்சுது. கோட் பொக்கற்றில இருந்து பேனை எடுத்து, நிண்ட நிலையில ஒரு வரி எழுதினா. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது, நான் என்ன சொல்லிப்போட்டன் எண்டு. தாயை விட்டிட்டு ஆரோடையும் போற பிள்ளை, இவையின்ர கணக்கில அது தாயோட ஒட்டில்லாத பிள்ளை. குளிராக் கிடக்கு, மகனைக் கூப்பிடுங்கோ, எல்லாருமா உள்ள இருந்து கதைப்பம் எண்டா அவ. நான் கூப்பிட்டால் பக்டரி வரைக்கும் கேக்கும், மிதுரா எண்டு ஒரு குளறல், எங்க நிண்டாலும் பந்து மாதிரி உருண்டு வந்திடுவான், சாப்பாட்டுக்கும் அப்பிடித்தான், படுக்கைக்கும் அப்பிடித்தான், அது ஒண்டுதான் அவனுக்குத் தெரிஞ்ச அம்மா. இந்த மனிசிக்குப் பக்கத்தில நிண்டு நான் எப்பிடிக் குளறுறது, குளறினால் அதையும் எழுதுவா. ஹில்ட டீச்சர் கூப்பிடுற மாதிரி, மெல்லமா, இனிப்பா, மிதுரன், வாங்கோ கண்ணா எண்டன். கீழ பெட்டை திரும்பினாள். இவர் திரும்பினார். அவன் திரும்பேல்ல. ஆரோ ஆரையோ கூப்பிடுகினம் எண்டு நினைச்சிருப்பான்.